மேற்கு வரிசையில் அந்தியூர் அத்தை

போன வாரம் ஆதார் அட்டையைத் தேடி பீரோவைத் திறந்தேன். எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எதுவானாலும் சேலைகளுக்கு அடியில்தான் இருக்கும். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியாது. ஒரு அடுக்கைத் தூக்கியதும் ரசகற்பூர உருண்டையின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. வந்த வேலையை மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றாள் மனைவி.

"மாதுளம்பழ வாசம் அடிக்குது."

அவள் பக்கத்தில் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது தோட்டத்தில் மாதுளை போய்த் தென்னங்கன்று நட்டாகிவிட்டது. ரசகற்பூரம் என்றால் மற்றவர்களுக்கு பீரோ ஞாபகம் வரும், ஹோட்டல் கைகழுவும் தொட்டி ஞாபகம் வரும். எனக்கு மட்டும் மாசி மாத மத்தியானமும், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் மாதுளந்தோட்டமும் வரும். அந்தத் தோட்டம் ஒரு பெரிய பீரோவைப் போலவே மணத்துக்கொண்டிருந்தது. அது எப்படி என்று அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு அடுப்பில் பால் இருந்தது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

படிப்பை முடித்த கையோடு உடுமலையில் ஒரு சொட்டுநீர்க் குழாய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அடையாள அட்டையில் 'கள அலுவலர்' என்று போட்டிருந்தது. அந்த அட்டையைச் சட்டைப்பைக்கு வெளியே தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு மொபெட்டில் போவேன். குழாய்ச் சுருளைக் கொண்டுபோய் இறக்குவது ஒரு வேலை. யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்வது இன்னொரு வேலை. விவசாயிகள் நல்லவர்கள். நான் பேசி முடிக்கும் வரை தலையாட்டுவார்கள், மோர் கொடுப்பார்கள், நான் கிளம்பியதும் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்வார்கள். நான் சொன்னதை அப்படியே நம்பிய ஒரே விவசாயி இந்த உலகத்தில் என் அப்பாதான். தக்காளி போட்டுக்கொண்டிருந்த மனிதரை மாதுளைக்கு மாற்றிவிட்டேன்.

செடிகள் என்னவோ நன்றாக வந்தன. பூவும் பிஞ்சும் அள்ளித் தெளித்தது போல வந்தன. பழம் பழுக்கிற நேரத்தில்தான் ஒரு வியாபாரி வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். பழத்தைக் கையில் எடுத்தால் அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். சட்டென்று திருப்பி முதுகைப் பார்ப்பார். மேற்கு வெயில் அடித்த பக்கத்தில் தோசை தீய்ந்த மாதிரி ஒரு கருப்பு இருக்கும். "வெயிலடிச்சிருச்சுங்க" என்று மெதுவாகச் சொல்லி அதை ஓரமாக வைப்பார். மேற்கு ஓரத்து நாலு வரிசையிலும் ஓரமாக வைத்ததே அதிகம். அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. ஐம்பது வருஷமாக அதே வெயிலில் அவரும்தான் கறுத்துப்போயிருந்தார், அவரை யாரும் ஓரமாக வைத்ததில்லை.

வியாபாரி போன பிறகு அப்பா என் பக்கம் திரும்பி, "மாதுளை வைக்கச் சொன்னது நீதான? வெயிலுக்கும் நீயே ஒரு வழி சொல்லு" என்றார்.

கள அலுவலர் களத்தில் இறங்கினேன். அடுத்த காய்ப்புக்கு முதலில் செய்தித்தாள் தொப்பி. ஒவ்வொரு காய்க்கும் காகிதத்தைக் கூம்பாகச் சுற்றி ஸ்டேப்ளர் அடித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோட்டத்தில் வேலை செய்த சரசக்கா எட்டாவது வரை படித்தவர், படிப்பதில் ஆசையுள்ளவர். களை எடுக்க உட்கார்ந்தால் மரத்துக்கு மரம் செய்தி படித்துக்கொண்டே போவார். ஒரு கொலைச் செய்தியின் மறுபாதி எந்த மரத்தில் இருக்கிறது என்று தேடுவதில் ஒரு முழு மத்தியானம் போனது. அந்த வார இறுதியில் பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் வேலிக்குள் புகுந்து எல்லாச் செய்தியையும் தின்றுவிட்டன.

அடுத்தது எங்கள் கடையிலேயே விற்ற வெள்ளைப் பவுடர். ஒரு வகைக் களிமண். தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் பழத்தின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் விழும், வெயில் சுடாது. அளவாகத் தெளிக்க வேண்டும் என்று பையில் எழுதியிருந்தது. எழுதியிருப்பதைப் படித்துத் தெளிக்கிற ஆளா நான்? மறுநாள் காலையில் பார்த்தால் தோட்டம் முழுவதும் திருநீறு பூசிக்கொண்டு பழனிக்குக் கிளம்பினாற்போல் நின்றது. வழியில் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதாக சரசக்கா சொன்னார். அது மட்டும் பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்த வெள்ளையைக் கழுவி எடுக்க நாங்கள் பட்டபாடு நிஜம்.

கடைசியாகத்தான் பழைய சேலைக்கு வந்தேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை, குடிமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்தது. மரத்தின் தலைமேல் ஒரு சேலையை விரித்து, நாலு மூலையையும் மூங்கில் குச்சியில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்றும் போகும், வெளிச்சமும் வரும், வெயிலின் சூடு மட்டும் இறங்காது. மரத்துக்கு ஒரு சேலை. எங்கள் மேற்கு நாலு வரிசைக்கு நூற்றுக்கும் மேல் வேண்டும். அம்மாவிடம் கேட்டால், "எங்கிட்ட எங்க கண்ணு அத்தனை இருக்குது? சொந்தத்துல கேட்டுப்பாரு" என்றார்.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி, ஆனைமலை என்று சொந்தக்காரர்கள் வீடுகளுக்குக் கிளம்பினேன். "பழைய சேலை இருந்தாக் குடுங்க" என்று வாசலில் நின்று கேட்கும் படித்த பையனை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். தாராபுரத்துச் சித்தி, நான் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரத்தில் இறங்கிவிட்டதாக நினைத்து, மூன்று சேலைக்கு ஒரு டிபன் கேரியர் கேட்டார். பொள்ளாச்சியில் ஒரு மாமா என்னைத் தனியாக அழைத்துப்போய், வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று விசாரித்தார். கிளம்பும்போது சேலைகளோடு ஒரு மூட்டை அரிசியும் ஏற்றிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொன்னி அரிசி.

இப்படியாக அத்தனை மரத்துக்கும் சேலை கட்டியாயிற்று. அத்தனையும் வருஷக்கணக்காக பீரோக்களில் கிடந்தவை. வெயில் ஏற ஏற தோட்டம் ரசகற்பூர வாசனையில் மிதந்தது. அந்த வாசனைக்குப் பூச்சியே அண்டவில்லை என்று அப்பா ஒரு நாள் சொன்னார். நான் அதைக் கடைக்கு வந்த எல்லா விவசாயிகளிடமும் ஆராய்ச்சி முடிவு மாதிரிச் சொல்லிவிட்டேன். யாராவது கேட்டு நடந்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

இதிலிருந்து இன்னொரு பழக்கம் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு எந்தச் சேலையை எந்த விசேஷத்தில் யார் கட்டியிருந்தார்கள் என்பது சாகும் வரை மறக்காது. ஆண்களுக்கோ, கையில் தொட்டுப் பார்த்த சேலையே மறுநாள் அடையாளம் தெரியாது. கடைசி வரிசை கட்டி முடியும் முன்பே அம்மா ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வந்து, இது இன்னார் சேலை, அது இன்னார் சேலை என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டே போனார். பின்னாலேயே நடந்த சரசக்கா எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் மரம் என்று ஒன்று இல்லை, சொந்தக்காரர்கள்தான் இருந்தார்கள்.

"தம்பி, தாராவரத்துச் சித்தி ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சுங்க. முட்டுக் குடுக்கோணுங்க" என்பார் சரசக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அப்பா இன்னும் மோசம். ஒருமுறை நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு செல்போனில், "காங்கேயத்துப் பெரியம்மாளுக்கு மருந்தடிச்சாச்சா? நேத்தே புழு இருந்துச்சே" என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து அப்பாவுக்கு இடம் கொடுத்தாராம், வீட்டில் இப்படியொரு நோயாளியை வைத்துக்கொண்டு பாவம் என்று.

இவ்வளவு சொந்தம் தோட்டத்தில் நின்றும் ஒருவர் மட்டும் இல்லை. என் அந்தியூர் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அவர் வீட்டுக்கு மட்டும் நான் சேலை கேட்டுப் போகவில்லை, போகிற நிலைமையும் இல்லை. ஒன்பது வருஷமாக அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றிருந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அத்தை மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று இரண்டு பெயர் போட்டிருந்தார்கள். அப்பாவின் பெயர் கீழே, அப்பாவின் பெரியப்பா மகன் பெயர் மேலே. அவ்வளவுதான். அப்பா கல்யாணத்துக்குப் போனார், தாய்மாமன் சீரை ஒன்று குறையாமல் செய்தார், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி வந்துவிட்டார். அண்ணன் பட்டினியாகத் திரும்பிப் போனதில் அத்தைக்குக் கோபம், தங்கை பின்னாலேயே ஓடி வந்து கூப்பிடவில்லை என்று அப்பாவுக்குக் கோபம். இரண்டு பேரும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தது இந்த அத்தைதான். கொங்குப் பக்கத்துக் கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவளை நிற்கவைத்து, கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் பக்கமும் மறு முனையை அவள் பக்கமும் கொடுத்துச் செய்கிற சீர். பெண்டாட்டி வந்தாலும் தங்கை தங்கைதான் என்று ஊரறியச் சொல்வது. அப்பா இதைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் கல்யாண ஆல்பத்தில் அந்தப் பக்கம் மட்டும் ஓரம் நைந்துபோயிருந்தது.

நான் சேலை வேட்டைக்குக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், தைப்பொங்கல் முடிந்ததும், அத்தை ஒரு சொந்தக்காரர் வழியாக அம்மாவுக்கு ஒரு சேலை கொடுத்தனுப்பினார். கடிதம் இல்லை, சொல்லியனுப்பியதும் இல்லை. வயலட் நிறம், மாம்பழ மஞ்சளில் கரை, கரை நெடுக நாட்டுக்கோழி அளவுக்கு மயில்கள். அம்மா அதைப் பிரித்துப் பார்த்து, "மனசு நல்ல மனசு" என்றார். அப்பாவோ அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தங்கை ஒரு நாள் வருவாள், அன்றைக்கு இதைத்தான் நீ கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு, நாலு ரசகற்பூர உருண்டையும் போட்டு, பீரோவுக்குள் வைத்தார்.

மஞ்சள் பை என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் மஞ்சள் பை இல்லாத இடம் கிணறு ஒன்றுதான். மரங்களுக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் ஐந்தாறு மரத்துக்குப் பற்றவில்லை. அம்மா பொள்ளாச்சியில் ஒரு வளைகாப்பில் இருந்தார். போன் செய்தேன். என் பழையதில் ஒரு ஐந்தை மஞ்சள் பையில் போட்டு பீரோ மேல் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள் என்றார். எனக்கு பீரோ என்பது காதில் விழுந்தது, பை விழுந்தது. மேல் மட்டும் விழவில்லை. திறந்தேன், மஞ்சள் பை இருந்தது, எடுத்தேன்.

பைக்குள் ஐந்துக்குப் பதில் ஒரே ஒரு சேலை இருந்தது. சரசக்கா அதை வாங்கிப் பார்த்து, "தம்பி, இது மடிப்புக்கூடக் கலையாமக் கெடக்குதுங்களே" என்றார்.

"நெறத்தப் பாருங்கக்கா. இத யாராச்சும் கட்டுவாங்களா?" என்றேன், கள அலுவலர் தோரணையில்.

மேற்குக் கடைசி வரிசையில் கிணற்றைப் பார்த்த ஒரு மரத்துக்கு அதைக் கட்டினோம். யார் சேலை என்று தெரியாததாலும், அம்மா அதன் பிறகு அந்தக் கோடிக்கு வராததாலும், சரசக்கா அதற்கு 'மயிலு மரம்' என்று பேர் வைத்தார். இரண்டு நாள் கழித்து அம்மா, பீரோ மேல் பை அப்படியே இருக்கிறதே, எடுக்க மறந்துவிட்டாயா என்று திட்டினார். நானும் திட்டை வாங்கிக்கொண்டு அந்த ஐந்தையும் எடுத்துப்போய்க் கட்டினேன். அப்போதும் என் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை. இப்படிப்பட்டவனை நம்பித்தான் அந்த வட்டாரத்து விவசாயம் நடந்துகொண்டிருந்தது.

சித்திரை வந்தது. ஒரு புதன்கிழமை காலை அப்பாவின் செல்போன் அடித்தது. எண்ணைப் பார்த்தார், எழுந்து நின்றார். போனில் பேச எழுந்து நின்ற அப்பாவை அன்றுதான் பார்த்தேன். "வா அம்மணி" என்றார். மறுபடியும், "வா அம்மணி, வா" என்றார். ஞாயிற்றுக்கிழமை மகனோடு காரில் வருவதாக அத்தை சொல்லியிருந்தார். அடுத்த மூன்று நாளில் அப்பா முடி வெட்டிக்கொண்டார், மோட்டார் ரூமுக்கு வெள்ளையடித்தார், நாட்டுக்கோழிக்குச் சொல்லிவைத்தார். அம்மாவிடம் நாலைந்து தடவை ஞாபகப்படுத்தினார்.

"அந்தச் சேலையக் கட்டிக்க. அதப் பாத்தா அவளுக்கு மனசு ஆறிரும்."

சனிக்கிழமை மத்தியானம் அம்மா பீரோவைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து மிக மெதுவாக என்னைக் கூப்பிட்டார். எங்கள் அம்மா சத்தம் போட்டால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"கண்ணு, நீ பீரோவுக்குள்ள கை வெச்சயா?"

இருவரும் தோட்டத்துக்கு ஓடினோம். அம்மா வகுப்பில் பேர் கூப்பிடுகிற டீச்சர் மாதிரி ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு போனார். காங்கேயத்துப் பெரியம்மாள் இருந்தார், தாராபுரத்துச் சித்தி சாய்ந்தபடி இருந்தார், எல்லாரும் இருந்தார்கள். கடைசி வரிசையில் மயில்கள் தெரிந்தன. ஆனால் மேற்கைப் பார்த்த பாதிச் சேலையில் வயலட் போய்ச் சாம்பல் வந்திருந்தது, அந்தப் பக்கத்து மயில்கள் எல்லாம் கோழியாகவே மாறியிருந்தன. வெயில் பழத்தை விட்டுவிட்டுச் சேலையைப் பிடித்துக்கொண்டது. அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. ஒன்பது வருஷம் கழித்து ஒரு மனுஷி கையை நீட்டினால், அந்தக் கையைக் கொண்டுபோய் மரத்தில் கட்டிவைத்திருக்கிறேன்.

அன்று மாலையே உடுமலையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அதே மாதிரி ஒன்று கிடைத்தால் தப்பித்தோம். ஒரு கடைக்காரர் நாற்பது சேலையாவது விரித்துப் போட்டிருப்பார். அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மயில் சின்னதாக இருக்கிறது என்றார். இவ்வளவு பெரிய மயிலெல்லாம் இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். அவருக்கு அந்த மயில் மேல் அத்தனை வருத்தமா, அல்லது விரித்த சேலைகளை மடிக்க வேண்டுமே என்ற வருத்தமா, தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஒரு திட்டம் சொன்னார். வேறு சேலை கட்டிக்கொள்வது, அத்தை கேட்டால் ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொல்வது. அத்தை தோட்டத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் விடிந்ததும் மயில் சேலையை அவிழ்த்து மோட்டார் ரூமில் ஒளித்துவைப்பது. அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது. வேறு சேலை மிச்சமில்லாததால் அந்த மரம் அன்று ஒரு நாள் வெயிலில் நிற்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தோம்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அத்தை வந்தார். காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அம்மா எதைக் கட்டியிருக்கிறார் என்று கவனிக்கவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தார். அப்பா வாசல் வரை போய், என்ன செய்வது என்று தெரியாமல், காரின் கதவை இரண்டு தடவை திறந்து மூடினார். அத்தையின் கண் அப்பாவைப் பார்த்தது, அடுத்ததாக அம்மாவின் சேலையைப் பார்த்தது. சாப்பாட்டில் அம்மா கோழியை அள்ளி அள்ளி வைத்தார், தின்ற அசதியில் தூங்கிவிடட்டும் என்று. அத்தை தூங்குகிற ஆள் இல்லை.

"ஏனுங்கண்ணி, நா எடுத்த சேலையக் கட்டலீங்களா?"

"ஃபால்ஸ் தைக்கக் குடுத்திருக்குது அம்மணி."

"மூணு மாசமாவுங்க?"

டைலர் ஊருக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னார். எந்த ஊருக்கு என்று அத்தை கேட்கவில்லை. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கோபம்கூட இல்லை. கையில் எடுத்த சோற்றைத் திரும்ப இலையிலேயே வைத்தார். இன்னும் அரைமணி நேரம் இப்படியே போனால் அத்தை கிளம்பிவிடுவார், அப்புறம் இன்னொரு ஒன்பது வருஷம்.

கை கழுவி வந்த அப்பா, வேறு எதுவும் தோன்றாமல், வா, தோட்டம் பார்க்கலாம் என்றார். அம்மா பதறி, வெயிலாக இருக்கிறது என்றார். அத்தை அசையவில்லை. பாம்பு இருக்கிறது என்றார் அம்மா. அத்தை செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடித்துப் பழகிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவரிடம் பாம்புக் கதை செல்லுமா?

அப்பா முன்னால் நடந்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தார். இது காங்கேயத்துப் பெரியம்மாள், இது ஆனைமலைப் பாப்பாத்தி மாமி, இது தாராபுரத்துச் சித்தி, கொஞ்சம் சாய்மானம். சரசக்கா சிரித்தார், அத்தை மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. போகப் போக முகம் சுண்டிக்கொண்டே வந்தது. மூன்றாவது வரிசை முடிவில் நின்றுவிட்டார்.

"சொந்தம் அத்தனையும் நிக்குது. என்னையத்தான் ஒரு வார்த்தை கேக்கலையாட்ட இருக்குது" என்றார்.

எனக்கு வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று இருந்தது. அம்மா என் முழங்கையைக் கிள்ளிப் பிடித்திருந்தார். அதற்குள் அப்பா மொட்டையாக நின்ற மயில் மரத்தைப் பார்த்துவிட்டார். தங்கை, வருத்தம், விருந்து எல்லாம் ஒரு நொடியில் மறந்துபோனது. வியாபாரி வியாழக்கிழமை வருகிறார், தோட்டத்திலேயே பெரிய பழம் அந்த மரத்தில்தான், உச்சி வெயில் நேராக அதன் மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

"எவன் அவுத்தது?"

அப்பாவின் அந்தக் குரலுக்கு எதிரே எங்கள் திட்டமெல்லாம் எம்மாத்திரம்? என் கால்கள் என்னைக் கேட்காமலே மோட்டார் ரூமுக்குப் போய், சேலையை எடுத்துக்கொண்டு வந்தன. அப்பா அதைப் பிடுங்கி உதறி மரத்தின் மேல் வீசினார். வயலட்டும் சாம்பலுமாக, மயிலும் கோழியுமாக, அது அத்தையின் கண்ணெதிரே விரிந்து இறங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை கிட்டே போனார். வெளுத்த பக்கத்தை விரலால் தடவினார். இது எப்போதிருந்து இங்கே இருக்கிறது என்று கேட்டார். பிஞ்சு எலுமிச்சங்காய் அளவில் இருந்ததிலிருந்து என்று அப்பா, ஒன்றும் தெரியாமல், பெருமையாகச் சொன்னார். தோட்டத்திலேயே ஒரு பழம்கூட வெயிலடிக்காத மரம் இது ஒன்றுதான், யார் வீட்டுச் சேலையோ, புண்ணியவதி நல்ல அழுத்தமான நெசவாகப் பார்த்து எடுத்திருக்கிறாள் என்றும் சொன்னார்.

அத்தை சேலையைக் கொஞ்சம் தூக்கி, ஒரு பழத்தைப் பிடித்து, அந்த வியாபாரி மாதிரியே முதுகைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக, சிவப்பாக, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. இன்னொன்றையும் திருப்பினார். அதுவும் அப்படித்தான்.

"இது நா எடுத்த சேலைங்ணா."

அப்பா கையில் பிடித்த முனையோடு அப்படியே நின்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். எனக்குப் பார்க்க ஆளில்லாமல் சரசக்காவைப் பார்த்தேன். அவர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்துக் கட்டினேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். யாரும் என்னைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அத்தை சேலையின் மறு முனையைக் கையில் எடுத்தார்.

"அந்த முனைய நல்லா இழுத்துப் புடிங்ணா. காத்துக்குப் பறந்துறப் போகுது."

அப்பா இழுத்துப் பிடித்தார். மரத்துக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தங்கை, நடுவில் அந்தச் சேலை. அத்தை குனிந்து முடிச்சுப் போட்டார். அப்பாவால் முடிச்சுப் போட முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரசகற்பூர நெடி என்றார். அந்த நெடி போய் ஒரு மாதமாகியிருந்தது.

"எங்க கல்யாணத்துல நின்னாப்லயே நிக்கறாங்க பாரு" என்று அம்மா என் காதருகே சொன்னார். முழங்கையை அப்போதுதான் விட்டார்.

பத்திரிகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்ற பேச்சு அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் வரவே இல்லை. வேறு பேச்சு வந்தது. அத்தை ஊருக்குப் போய், தோட்டத்திலேயே சுத்தமான பழம் தன் மரத்தில்தான் என்று போன் போட்டு எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் காங்கேயத்துப் பெரியம்மாள் வாடகை கார் பிடித்து வந்து இறங்கினார், தன் மரம் மட்டும் ஏன் சவலையாக இருக்கிறது, அதற்கு எருவைக் குறைத்துப் போட்டீர்களா என்று. தாராபுரத்துச் சித்தி தன் சாய்மானத்துக்கு நியாயம் கேட்டார். ஆளுக்கொரு கூடை, அவரவர் மரத்துப் பழம் என்று போனது. கெட்டிச் சேலையாக, புதுச் சேலையாக வந்து குவிந்தன. மறு வருஷம் அந்த வியாபாரி வந்தபோது, மேற்கு நாலு வரிசையில் அவருக்குக் கொடுக்கப் பழமே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

அந்தத் தோட்டம் இன்னும் சில வருஷம்தான் இருந்தது. இலையிலும் பழத்திலும் புள்ளி விழுகிற ஒரு நோய் வந்தது. அதற்குச் சேலை, பவுடர், கள அலுவலர் எதுவும் உதவவில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டுத் தென்னை வைத்தோம். தென்னைக்கு வெயில் சுடாது, யார் வீட்டுச் சேலையும் வேண்டாம். சரசக்கா திருப்பூர் பனியன் கம்பெனி வண்டியில் ஏறி வேலைக்குப் போக ஆரம்பித்தார். இப்போது மாதுளை வைத்திருப்பவர்கள் வெள்ளை வலைத்துணியைச் சுருள் சுருளாக வாங்கி வரிசை முழுக்க ஒரே மாதிரி போர்த்துகிறார்கள். சுத்தமான வேலைதான். அங்கே போய் நின்றால் எந்த மரம் யார் என்று தெரியாது. அந்த மயில் சேலை மூன்று கோடை தாங்கி, நாலாவதில் நூலாகக் கிழிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தை போய்ச் சேர்ந்தார். சேதி வந்ததும் பிறந்த வீட்டுக் கோடி எடுக்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு உடுமலைக்குப் போனேன். கடைசியாக உடன்பிறந்தவன் போர்த்துகிற சேலை. அப்பாவுக்கு அப்போது எண்பதை ஒட்டிய வயது, காதும் சரியாகக் கேட்காது. நான் எடுக்கிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயலட் வேண்டும், மஞ்சள் கரை வேண்டும், மயில் பெரிதாக வேண்டும் என்று அவரே கேட்டார். மயில் கிடைக்கவில்லை. கிடைத்த வயலட்டை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு நடந்துபோய், மத்தியான வெயிலில் விரித்துப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெயிலுக்கு வெளுக்காதுங்களே?" என்று கேட்டார்.

கடைப் பையனுக்கு எதற்கு எடுக்கிறோம் என்பது தெரியும். அவன் என் முகத்தைப் பார்த்தான். வெளுக்காதுங்கப்பா என்று நான்தான் காதோரம் குனிந்து சொன்னேன். அப்பா தலையாட்டிவிட்டு ஒரு முனையை என்னிடம் நீட்டினார். வாசலிலேயே நின்று இருவரும் அதை மடித்தோம்.